கெட்டி ரோடு

அத்தியாயம் 17

படிவத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டன. இனி அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி.

அந்த ஒற்றைத் தாள் சோனுனின் கைப்பையில், ஊசி டப்பாவுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே கிடந்தது. பிஷ்கெக் நகர நெரிசலில் வேனுக்குள் நின்றபடியே வந்த அரை மணி நேரத்தில் பத்துத் தடவையாவது பையைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஆரம்பித்தது. தலாஸிலிருந்து வந்திருந்த, சோனுனுடைய கணவரின் அண்ணனுக்குத் தேநீர் ஊற்றிய மருமகள் கனிஷாய், எதையோ நினைத்துக்கொண்டு கோப்பையை விளிம்பு வரை நிரப்பிவிட்டாள். பாதிக் கோப்பை மரியாதை. முழுக் கோப்பை என்றால் 'குடிச்சிட்டுக் கெளம்பு' என்று அர்த்தம். பெரியவர் அதைத் தொடாமலே எழுந்து போனார்.

அன்று மாலையே சோனுனின் கணவர் தெமிர்பெக் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"காலேஜுக்குப் போனது போதும். இனிமே அஞ்சல் வழியில படிக்கட்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவ போய்ப் பரீட்சை எழுதிட்டு வரட்டும். இந்த வீட்டுக்கு மருமக வேணும், விருந்தாளி வேணாம்."

கனிஷாய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அஞ்சல் வழிக்கு மாறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கட்டணம் கட்டுபவர் என்ற இடத்தில் தெமிர்பெக் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காலேஜ் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் கனிஷாய் படிவத்தைச் சமையலறை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறந்துதான் போனாளா?

"நீயே கொண்டுபோ" என்றார் தெமிர்பெக். இருபத்தேழு வருடம் டிராலிபஸ் ஓட்டியவர், இப்போது வீட்டில் உட்கார்ந்து வீட்டை ஓட்டுகிறார். "அவ கையில குடுத்து, அவ கையாலயே குடுக்க வெச்சுட்டு வா. அஞ்சு மணி. ஞாபகம் வெச்சுக்க."

"உங்க மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அங்க வெயில்லயும் குளிர்லயும் சாகிறவனை இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணாதே."

மகன் மிர்லான் வெளிநாட்டில், கஸான் நகரத்தில் கட்டட வேலையில் இருக்கிறான். தினமும் மாலை ஏழு மணிக்குக் கனிஷாயின் போனுக்குக் கூப்பிட்டு, அம்மாவிடமும் பேசுவான். "அவ நல்லாப் படிக்கட்டும்மா" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் வைக்க மாட்டான். அவனிடம் என்னவென்று சொல்வது?

வேன் நின்றது. இறங்கினாள்.

* * *

செவ்வாயும் வெள்ளியும் மருமகளுக்கு ஐந்து மணி வரை லேப். ஒன்றரை வருடமாக அதுதான் கணக்கு. எனவே சோனுன் காலேஜ் வாசல் காவலாளியிடம் நேராகவே கேட்டாள்.

"கெமிஸ்ட்ரி லேப் எந்தப் பக்கம்ப்பா?"

அவன் டிபன் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினான். "லேப்பா? கூரை ஒழுகுதுன்னு மார்ச் மாசமே பூட்டிட்டாங்களேம்மா. இப்ப அங்க புறாதான் குடியிருக்கு."

"இல்லப்பா, என் மருமக இன்னிக்கு லேப்லதான் இருக்கா."

"அப்ப உங்க மருமக புறாவா இருக்கணும்."

மார்ச்சிலிருந்து பூட்டு என்றால்? இரண்டு மாதமாக இவள் எங்கே போகிறாள்? யாரோடு?

போன் போட்டாள். கனிஷாய் எடுக்கவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம்.

நடைபாதையில் எதிரே வந்த பெண்ணை, முழங்கையைப் பிடித்தே நிறுத்திவிட்டாள். கழுத்தில் நீல அட்டை தொங்கிய பெண்.

"கனிஷாய்னு ஒரு பொண்ணு. ரெண்டாவது வருஷம். வெள்ளைத் தலைத்துணி கட்டியிருப்பா. தெரியுமா?"

"எங்க கிளப் கனிஷாயா?" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "மேல ஹால்லதான் இருக்கா. இன்னிக்கு ஃபைனல்! நீங்க அவங்க அம்மாவா?"

"என்ன கிளப்பு?"

"விவாத மன்றம். வாங்க வாங்க, ஆரம்பிக்கப் போறாங்க."

கிளப். அந்தச் சொல்லே சோனுனுக்குப் பிடிக்கவில்லை. வண்ண விளக்கும் சத்தமும்தான் கண்முன் வந்தன. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்ற முடிவோடு மாடிப்படி ஏறினாள். இரண்டு இரண்டு படியாக ஏறினாள்.

ஹாலில் விளக்குமில்லை, சத்தமுமில்லை. நூறு நூற்றைம்பது பிள்ளைகள், மேடையில் இரண்டு மேசை, மூன்று நடுவர்கள். ஓரத்தில் ஒருவன் செல்போனை நிறுத்திவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

இடப்பக்க மேசையில் கனிஷாய்.

இவளா? விருந்தாளி வந்தால் தேநீர்ப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவளா இங்கே நூறு பேருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்?

இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்றால் அத்தனை பேரையும் தாண்டிப் போகவேண்டும். சோனுன் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முடியட்டும், வெச்சுக்கறேன்.

* * *

நடுநாயகமாக உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட நடுவர் பேசினாள். சின்ன வயதுதான். குரல்தான் கண்டிப்பு.

"இன்னிக்கு ஜெயிக்கிற அணி அடுத்த மாசம் அல்மாட்டி போட்டிக்குப் போகுது. விதி எல்லாருக்கும் தெரியும். யார் முதல் பேச்சாளர்னு சீட்டுக் குலுக்கிப் போட்டாச்சு. முதல் பேச்சாளர் தலைப்பை உள்ளது உள்ளபடி வாசிக்கணும். ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு சொல்கூட மாறாம வாசிச்சு முடிக்கலைன்னா அணி வெளியே. பார்வையாளர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முதல் பேச்சாளர், கனிஷாய்."

கனிஷாய் எழுந்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து ஹாலைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"இந்த அவை நம்புவது... புதிய..."

நின்றுவிட்டது.

"புதிய..."

மேடையின் பின்சுவரில் தலைப்பைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். சோனுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'புதிய தெமிர் ஜோல் மலைக்கிராமங்களுக்கு நன்மையே.'

இன்னொரு தடவை படித்தாள்.

ஜோல் என்றால் பாதை. தெமிர் என்றால் இரும்பு. இரண்டும் சேர்ந்தால் ரயில் போகும் பாதை. நாட்டில் எல்லோருக்கும் அது வெறும் சொல். தெமிர்பெக் வீட்டு மருமகளுக்கு அது மாமனாரின் பெயர்.

புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் வேறொரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தால் அந்தச் சொல்லையும் சொல்லக் கூடாது. சோனுனுடைய கணவரின் அண்ணன் பெயர் பஜார்பாய். ஆகவே இருபத்தொன்பது வருடமாக அவள் பஜாருக்குப் போனதே இல்லை; 'கூட்டத்துக்கு'த்தான் போய் வருகிறாள். கட்டிய கணவர் பெயரும் அப்படித்தான். இரும்பு வாணலி அவள் வாயில் 'கெட்டி வாணலி'. இரும்புக் கதவு 'கெட்டிக் கதவு'.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் கனிஷாய் ஒருநாள், "அத்தை, அந்தத் தெமிர் கரண்டி எங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்று சோனுன் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "கெட்டின்னு சொல்லு! எங்க, பத்துத் தடவ சொல்லு!" பத்துத் தடவை சொல்லவைத்தாள். அதோடு அந்தப் பெண்ணின் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. பத்திரமாகக் கட்டிப் போட்ட நாக்கு.

அந்த நாக்குதான் இப்போது மேடையில் நின்று தவிக்கிறது.

"புதிய கெட்டிப் பாதை..." என்றாள் கனிஷாய்.

ஹால் சிரித்தது.

"உள்ளது உள்ளபடி" என்றாள் நடுவர். "நாப்பது விநாடி இருக்கு."

எதிரணி மேசையிலிருந்து நெட்டையான ஒரு பையன் குரல் கொடுத்தான். "அவங்க ஊருக்கு இன்னும் ரயிலே வரலைங்க. பாவம், பேரு எப்படித் தெரியும்?"

மறுபடியும் சிரிப்பு.

"பெக்தூர், உங்க முறை வரும்போது பேசுங்க. முப்பது விநாடி."

கனிஷாயின் கை தலைத்துணியின் நுனியைப் பிடித்துத் திருகியது. வாய் திறந்தது, மூடியது. பக்கத்தில் இருந்த தோழி மேசைக்கடியில் அவள் காலை மிதிப்பது கடைசி வரிசைக்கே தெரிந்தது.

சோனுனுக்கு உட்கார முடியவில்லை. போகட்டுமே, தோற்றுவிட்டால் நல்லதுதானே, பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒரு மனம். இன்னொரு மனத்துக்குள் போன மாத ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. சோனுனின் கண் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சீட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சோனுன் எழுந்தேவிட்டாள். கனிஷாய் எழவில்லை. "டாக்டர், மூணே மூணு கேள்வி" என்றாள். மூன்றாவது கேள்வியில்தான் தெரிந்தது, ஆறு மாதம் விட்டிருந்தால் வலது கண் போயிருக்கும் என்று. வெளியே வந்து, "எங்கடி கத்துக்கிட்ட?" என்று கேட்டதற்கு, "எங்க லேப்ல சொல்லிக் குடுப்பாங்க அத்தை. மொதல் கேள்விக்குச் சாக்குச் சொல்வாங்க. ரெண்டாவதுக்குக் கோவப்படுவாங்க. மூணாவதுக்குத்தான் உண்மை வரும்" என்றாள்.

லேப்பாம், லேப்! இந்த இடம்தான் அது.

"பதினஞ்சு விநாடி."

சோனுன் எழுந்து நின்றாள். தான் எழுந்ததே அவளுக்குத் தெரியாது.

"தெமிர் ஜோல்!"

நூற்றைம்பது தலைகள் திரும்பின.

"தெமிர்! தெமிர் ஜோல்! சொல்லுடி! அந்தப் புள்ளைக்கு அது தெரியாம இல்ல. சொல்லக் கூடாதுன்னு கட்டிப் போட்டவ நான். அது என் வீட்டுக்காரர் பேரு. நானே சொல்லிட்டேன், இனி உனக்கு என்ன? சொல்லு!"

கனிஷாயின் முகம் வெளுத்துப்போனது. அத்தையை அங்கே கண்ட பயம் முதலில் வந்தது. அத்தை வாயிலிருந்து அந்தச் சொல் வந்த திகைப்பு அதற்குப் பின்னால் வந்தது.

"அஞ்சு."

"புதிய தெமிர் ஜோல் மலைக்கிராமங்களுக்கு நன்மையே!" ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள்.

கைதட்டல் அடங்க நேரமானது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தலைப்பு ஏத்துக்கப்பட்டது. ஆனா பார்வையாளர் குறுக்கிட்டதுக்கு இந்த அணிக்கு ஒரு புள்ளி குறைப்பு. அம்மா, தயவுசெஞ்சு உட்காருங்க."

சோனுன் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள், இன்னும் ஏதாவது வெளியே வந்துவிடுமோ என்று.

பிறகு கனிஷாய் பேசினாள். ஐந்து நிமிடம். தேநீர் ஊற்றும்போது காதில் விழாத அந்தக் குரல் இங்கே கடைசி வரிசை வரை வந்தது.

"எங்க அத்தை வீட்டுல உட்கார்ந்து தைக்கிறாங்க. ஒரு கோட்டு தைக்க ஒரு நாள். அந்தக் கோட்டு மலையைத் தாண்டி நான் பொறந்த ஊருக்குப் போய்ச் சேரப் பதினோரு நாள். பனி மூடிட்டா வசந்தம் வந்தாத்தான். குளிர்காலக் கோட்டு வசந்தத்துல போய்ச் சேர்ந்தா யாருங்க போடுவா? எதிரணி நண்பர் எங்க ஊருல ரயில் இல்லன்னு சிரிச்சார். அதையேதான் நானும் சொல்றேன். எங்க ஊருல ரயில் இல்ல!"

இந்தத் தடவை சிரிப்பு பெக்தூர் பக்கம் திரும்பியது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

என் கோட்டையா சொல்றா? சோனுனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

* * *

ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

படிக்கட்டில் இருவரும் இறங்கும்போது சோனுன் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "என் வாயால போன புள்ளி."

"இல்ல அத்தை. நீங்க இல்லன்னா அணியே வெளியே போயிருக்கும்."

"அது இருக்கட்டும், ஏன் பொய் சொன்னே? ரெண்டு மாசமா லேப்பு, லேப்புன்னு..."

"ஒண்ணரை வருஷமா, அத்தை." தலை குனிந்தே இருந்தது. "செவ்வாக்கிழமை மட்டும்தான் லேப் இருந்துச்சு. வெள்ளி எப்பவும் கிளப்தான்."

சோனுன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தடதடவென்று ஒருவன் ஓடிவந்தான். அந்த நெட்டைப் பையன்.

"கனிஷாய்! நில்லு. எங்க அணிக்கு மாற்றுப் பேச்சாளர் ஒருத்தர் வேணும். விதிப்படி தோத்த அணியிலேர்ந்து ஒருத்தரை எடுத்துக்கலாம். நீ வர்றே."

"யாருடி இவன்?" என்றாள் சோனுன்.

"வணக்கம்மா. பெக்தூர். உங்க மருமககிட்ட அடிவாங்கி ஜெயிச்சவன்." அவன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். "நாளைக்கு மதியத்துக்குள்ள பேரு குடுக்கணும். முழுநேர மாணவர்னு ஒரு சான்று, அவ்வளவுதான். அல்மாட்டியில நீங்களும் கடைசி வரிசையில உட்கார்ந்தீங்கன்னா இன்னும் நல்லாயிருக்கும்."

"வாயப் பாரு!"

அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

முழுநேர மாணவர். இருவரும் அந்தச் சொல்லோடு கீழே வந்தார்கள். தரைத்தளத்தில் அலுவலகக் கதவு திறந்தே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் பதினைந்து நிமிடம். உள்ளே ஒரு பெண் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கனிஷாய் நின்றாள். கையை நீட்டினாள்.

"குடுங்க அத்தை. காலையில வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன். தப்பு. மாமா சொன்னா சொன்னதுதான்."

சோனுன் பையைத் திறந்தாள். ஊசி டப்பா. கண்ணாடிக் கூடு. தாள். தாளின் ஓரத்தை விரல் தொட்டது.

பையை மூடினாள்.

"வெங்காயம் தீர்ந்துபோச்சு" என்றாள். "கூட்டத்துக்குப் போகணும். அஞ்சரைக்கு மேல நல்ல வெங்காயம் கெடைக்காது. நட."

* * *

தெமிர்பெக் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். வெளியே மே மாத வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. கனிஷாய் வாசலில் வெங்காயப் பையோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சோனுன் மட்டும் உள்ளே வந்தாள்.

மேசையில் அவருடைய போன். அதிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தெமிர் ஜோல்! தெமிர்! தெமிர் ஜோல்!"

அவர் விரலால் தட்டினார். மறுபடியும் முதலிலிருந்து.

"தலாஸிலேர்ந்து அண்ணன் பையன் அனுப்பியிருக்கான்" என்றார். "யாரு குரல்னு கேக்கறான். என்ன சொல்லட்டும்?"

சோனுன் பையை மேசை ஓரத்தில் வைத்தாள்.

"இருபத்தொம்பது வருஷம். 'ஏங்க', 'இந்தாங்க', 'இதக் கேளுங்க'ன்னுதான் கூப்பிட்டே. எனக்குன்னு ஒரு பேரு இருக்கறது உனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன். இருக்கு போலிருக்கே." சிரிக்கிறாரா, கோபமா என்று பிடிபடவில்லை. இன்னொரு தடவை தட்டினார். அவளுடைய குரல் அந்தச் சின்ன அறையில் மறுபடி அவர் பெயரைச் சொல்லியது. "படிவம் குடுத்தாச்சா?"

சோனுன் பையைத் திறந்து தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நான்காக மடித்தது, மடித்தபடி. முத்திரை விழாதது.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு மூணு கேள்வி" என்றாள் சோனுன். நின்றுகொண்டே கேட்டாள். "அவ கோப்பையை நெறச்சதுக்கா இந்தப் படிவம்?"

"பின்ன? அண்ணன் முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவார்?"

"கோப்பை நெறஞ்சது ஞாயித்துக்கிழமை. படிவம் வாங்கின தேதி அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ரெண்டு நாள் முன்னாடியே எப்படி வாங்கிவெச்சீங்க?"

அவர் முகம் சிவந்தது. "குறுக்குக் கேள்வியா கேக்கறே? யாரு கத்துக்குடுத்தா? இந்தக் கிளப்புல போய்..."

இரண்டாவது கேள்விக்குக் கோபம் வந்துவிட்டது. நிறுத்திவிடலாம் போலிருந்தது. நிறுத்தவில்லை.

"யாரு சொல்லி வாங்கினீங்க?"

தெமிர்பெக் போனைக் குப்புறக் கவிழ்த்தார். அதன் முதுகைத் தடவினார்.

"நானா கேட்டேன்?" குரல் இறங்கிப் போயிருந்தது. "அவன்தான் கேட்டான். 'அப்பா, நான் சொன்னதா இருக்க வேணாம், நீங்க சொன்னதா இருக்கட்டும்'னான். நீ பெத்த பிள்ளைதான்."

பின்னால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சோனுன் திரும்பினாள். நிலைப்படியில் கனிஷாய் நின்றிருந்தாள். வெங்காயப் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

எத்தனை மாலை! 'நல்லாப் படி, நல்லாப் படி' என்று அந்தப் போனில் வந்த குரல் எத்தனை மாலை!

கனிஷாயின் சட்டைப் பையிலேயே அந்தப் போன் அடித்தது. மணி ஏழு. திரையில் 'கஸான்' என்று வந்தது. கணவன் பெயரை அவள் வாயாலும் சொன்னதில்லை, போனிலும் போட்டுவைத்ததில்லை.

ஒரு கையில் பை, ஒரு கையில் போன். மாமனாரைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள். சோனுன் தலையசைத்தாளா இல்லையா என்பது சோனுனுக்கே தெரியாது.

கனிஷாய் பொத்தானை அழுத்தினாள்.

"மிர்லான்" என்றாள். மேடையில் கேட்ட அதே குரல். "எனக்கு மூணு கேள்வி இருக்கு."